என்ற கருந்துளை

"கருந்துளையே என்றகிட்டப் பேசிருச்சுங்க மேடம். நீங்கதான் பேச மாட்டேங்கறீங்க."

வாசலில் நின்றபடியே செங்கோடன் இதைச் சொன்னார். குரலில் பாதி பெருமை, பாதி அழுகை.

இசக்கி நிமிர்ந்து பார்த்தார். மறுபடி குனிந்து பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார்.

பேசவில்லை.

கூகைமலை உச்சியில் இருக்கும் அந்த ஆய்வு நிலையத்துக்கு அடிவாரத்தில் வைத்த பெயர் 'சாமியார் ஆபீஸ்'. தாடி வைத்திருக்கிறார்கள், எந்நேரமும் வானத்தையே நினைக்கிறார்கள், ஏதாவது கேட்டால் புரியாத பதில் சொல்கிறார்கள். பின்னே வேறென்ன பெயர் வைப்பது?

இசக்கிக்குத் தாடி கிடையாது. மற்றதெல்லாம் உண்டு.

குருவுக்கு முப்பத்து மூன்று வயது, சீடருக்கு நாற்பத்து நான்கு. குரு திருநெல்வேலி, சீடர் கோபிச்செட்டிபாளையம். ஆகவே குரு சீடரை 'அண்ணாச்சி' என்பார். சீடர் குருவை 'மேடம்' என்பார். அது போதாதென்று மேலே ஒரு 'ங்க' வேறு போடுவார்.

பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் வேலையை விட்டுவிட்டு மலையேறியவர் செங்கோடன். வீட்டில் அழுதார்கள். "அந்தத் துளையில போயி விழறக்கா இத்தனை படிச்சே?" என்று பெரியப்பா கேட்டார்.

கருந்துளையில் விழுகிற பொருள் சும்மா விழாது. கிரைண்டரில் போட்ட அரிசி மாதிரி சுற்றிச் சுற்றி, ஒன்றோடொன்று உரசி, கோடி டிகிரி சூடேறி, எக்ஸ் கதிரில் ஒரு கத்து கத்திவிட்டுத்தான் உள்ளே போகும். அந்தக் கத்தலைச் செயற்கைக்கோள் பிடித்துக் கீழே அனுப்பும். அதற்குப் பொருந்துகிற ஒரு மாதிரியைக் கணினியில் கட்டி, நடுவில் இருக்கும் துளை எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கூகைமலையில் தவம் என்றால் அதுதான்.

செங்கோடன் கண்டுபிடித்துவிட்டார்.

இசக்கி வெளியூர்க் கருத்தரங்குக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்த கையோடு, செயற்கைக்கோளை யார் எப்போது பயன்படுத்தலாம் என்று ஒதுக்கும் நேரக் குழுவுக்கு எழுதினார். எழுதின கையோடு ஊருக்கும் சொன்னார்.

ஊர் சும்மா இருக்குமா? பஸ் ஸ்டாண்டில் ஃபிளெக்ஸ் ஏறியது.

'கருந்துளையையே கதற விட்ட கணக்குப் புயலே! கொங்கு மண்ணின் கோள் நாயகனே! வருக! வருக!'

கூலிங் கிளாஸ் போட்ட செங்கோடன் கும்பிடுகிறார். பின்னால் கருந்துளை என்று ஒரு மெதுவடையைப் போட்டிருந்தார்கள்.

அன்று காலைதான் இசக்கி திரும்பி வந்தார். எல்லாவற்றையும் படித்தார். ஃபிளெக்ஸையும் பார்த்தார். இந்த நேரம்வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஒரு 'சரி' சொன்னாப் போதுங்க மேடம்," என்றார் செங்கோடன். "சாயந்தரம் ஆறு மணிக்குச் செயற்கைக்கோள் என்ற கருந்துளைப் பக்கம் திரும்புது. அதுக்குள்ள உங்க வாயால ஒரு 'சரி'."

இசக்கி தேநீரைக் கீழே வைத்தார்.

"உங்ககிட்ட அது என்ன சொல்லிச்சு?"

"சுழற்சி புள்ளி ஒம்பது ஒம்பது எட்டுங்க! ஒண்ணுதான் உச்சம். ஒண்ணை எட்டவே முடியாது. இது ஒண்ணோட வாசப்படில நிக்குதுங்க!"

"பிழை வீச்சு? எவ்வளவு முன்னபின்ன போகும்?"

"இல்லவே இல்லீங்க! நிரல்ல அந்த இடத்துல 'உறைந்தது'ன்னு வருதுங்க. கருந்துளைக்குப் பக்கத்துல காலமே உறையும்னு நீங்கதானுங்களே சொல்லிக் குடுத்தீங்க? எண்ணும் உறைஞ்சே போச்சுங்க. அத்தனை துல்லியம்!"

இசக்கி அவரையே பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

"இல்லவே இல்லீங்க. அத்தனை துல்லியம். உறைஞ்சே போச்சுங்க."

செங்கோடன் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அது இசக்கியின் குரல் இல்லை. செங்கோடனின் குரல். 'ங்க'வில் வரும் அந்த இழுப்பு, 'அத்தனை'யில் ஏறும் அந்த மூச்சு, எல்லாம் அச்சு அசல். நாளெல்லாம் நாலு வார்த்தை பேசாத திருநெல்வேலி வாயிலிருந்து முழுசாகக் கோபிச்செட்டிபாளையம் வந்து குதித்தது.

"மேடம்?"

"மேடம்?"

"கிண்டலுங்களா?"

"கிண்டலுங்களா?"

"நான் சொன்னதையே திருப்பிச் சொன்னா எனக்கு என்னங்க தெரியும்?"

இசக்கி இந்தத் தடவை திருப்பிச் சொல்லவில்லை. சொந்தக் குரலுக்கு இறங்கி வந்தார்.

"அதான் அண்ணாச்சி."

"எதுங்க?"

"ஒரு சந்தேகம். உங்க ஊர்ல 'என்ற'ன்னா என்ன?"

"என்னோடதுன்னு அர்த்தமுங்க."

"புத்தகத்துல 'என்ற'ன்னு வந்தா?"

"அப்படின்னு சொன்னன்னு அர்த்தம்."

"'என்ற கருந்துளை'ங்குதிய. எந்த 'என்ற'?"

செங்கோடன் விழித்தார். நாற்பத்து நான்கு வருஷமாக அந்தச் சொல்லை நாக்கில் வைத்திருப்பவர். யாரும் இப்படிக் கேட்டதில்லை.

இசக்கி மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பென்டிரைவை எடுத்து நீட்டினார்.

"மூணு கோப்பு இருக்கு. அ, ஆ, இ. பேரு கேக்காதிய. சுழற்சி மட்டும் பாத்துட்டு வாங்க."

---

செங்கோடனுக்குப் பக்கத்து மேசை பல்கீஸுடையது. காயல்பட்டினத்துப் பெண். அவளும் இசக்கியின் மாணவிதான். அவள் கணினித் திரையில் ஒரு வளைகோடு மேலிருந்து கீழே சரிந்துகொண்டிருந்தது.

வானத்தில் திடீரென்று எரியத் தொடங்கிய ஒரு வெளிச்சம் அது. முதலில் பார்த்தவள் பல்கீஸ். இப்போது அணைந்துகொண்டிருக்கிறது. அணைவதற்குள் ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிடச் செயற்கைக்கோளில் அவளுக்கு நேரம் கிடைத்திருந்தது.

கிடைத்திருந்தது. அப்புறம்தான் நேரக் குழுவின் கடிதம் வந்தது. 'மேற்படி ஆய்வர் செங்கோடன் அவர்களின் அபாரமான முடிவினை முன்னிட்டு, பல்கீஸ் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட நேரமானது மேற்படியாருக்கே மாற்றி வழங்கப்படலாகிறது.'

'வழங்கப்படலாகிறது' என்று எழுதிவிட்டால் பிடுங்கினது மாதிரியே இருக்காது.

"அண்ணே," என்றாள் பல்கீஸ், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"சொல்லு கண்ணு."

"உங்க துளை எங்கயும் போயிராதுல்ல? அடுத்த வருஷமும் அங்கயேதான இருக்கும்?"

"அது எங்க போவுது?"

"என்னோடது இருக்காதுண்ணே. அடுத்த வாரமே இருக்காது."

செங்கோடன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அறிவியல்ல இதெல்லாம் பாக்கப்படாது கண்ணு. எது பெருசோ அதுக்குத்தான் வழி."

"ம்."

"வருத்தப்படாத."

"நான் எங்கண்ணே வருத்தப்பட்டேன்? வடை நல்லா வந்திருக்குன்னு ஃபிளெக்ஸைப் பாத்துச் சொல்லிக்கிட்டிருந்தேன்."

செங்கோடன் காது கேட்காதவர் மாதிரி 'அ' கோப்பைத் திறந்தார்.

நிரல் ஓடியது. கோடு புள்ளிகளின் மேல் படிந்தது. சுழற்சி: புள்ளி ஒன்பது ஒன்பது எட்டு.

செங்கோடன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

'ஆ'வைத் திறந்தார்.

புள்ளி ஒன்பது ஒன்பது எட்டு.

செங்கோடன் எழுந்து நின்றார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

'இ'யில் கோடு புள்ளிகளோடு சரியாகப் பொருந்தவில்லை. எங்கேயோ மேலே போனது, எங்கேயோ கீழே தொங்கியது. அதனால் என்ன? சுழற்சி மட்டும் மலை மாதிரி நின்றது. புள்ளி ஒன்பது ஒன்பது எட்டு.

கைபேசி அதிர்ந்தது. பெரியப்பாவின் குரல் பதிவு. "டேய் செங்கோடா! அந்தத் துளைக்கு நம்ம கொலசாமி பேரை வெச்சரலாமா? ஃபிளெக்ஸ்காரன் கேக்கறான், இன்னொண்ணு அடிக்கட்டுமான்னு!"

அடிக்கட்டும் என்று தோன்றியது செங்கோடனுக்கு. இது ஒரு துளையின் கதை இல்லை. எல்லாத் துளையின் கதை. பிரபஞ்சத்தில் இருக்கிற அத்தனை கருந்துளையும் ஒரே வேகத்தில் சுற்றுகிறது! செங்கோடன் விதி!

வராந்தாவில் ஓடினார். நாற்பத்து நான்கு வயது ஆள் ஓடுவதைப் பார்த்து இரண்டு தாடிகள் ஒதுங்கி வழிவிட்டன.

---

"மூணும் மேடம்! மூணுமே!"

"மூணும் என்ன?"

"புள்ளி ஒம்பது ஒம்பது எட்டுங்க! புதுசா ஒரு விதியே கெடச்சிருச்சுங்க!"

"அப்படியா அண்ணாச்சி."

"ஆனா அதெல்லாம் எந்தெந்தக் கருந்துளைன்னு சொல்லுங்க. எழுதோணும்ல?"

இசக்கி ஒரு விரலை மடக்கினார்.

"அ. அது கருந்துளைதான். அசைஞ்சா அசைஞ்ச மாதிரியே தெரியாது, அவ்வளவு மெதுவாச் சுத்துதுன்னு உலகமே ஒத்துக்கிட்ட துளை."

செங்கோடன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"உலகம் தப்புங்க மேடம்!"

இசக்கி அடுத்த விரலை மடக்கினார்.

"ஆ. அது கருந்துளையே இல்ல. நியூட்ரான் நட்சத்திரம். கெட்டியான உருண்டை. அதுல துளையே கிடையாது."

செங்கோடனின் வாய் திறந்தது. மூடவில்லை.

"துளையே… இல்லீங்களா?"

"இல்ல."

"அப்ப எது சுத்துச்சுங்க?"

"நீங்கதான் சொல்லணும்."

பக்கத்தில் நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமலே செங்கோடன் உட்கார்ந்தார். நல்லவேளை, இருந்தது.

"இ?" என்றார். கேட்கக் கூடாது என்று உள்ளே ஒருவன் கத்திக்கொண்டிருந்தான். ஆனாலும் கேட்டுவிட்டார்.

இசக்கி தன் கட்டைவிரலைத் தூக்கி, நகத்தைக் காட்டினார்.

"இத்தனூண்டு இரும்பு. கதிர் வீசுற இரும்பு. கருவி சரியாப் பாக்குதான்னு சோதிக்க, செயற்கைக்கோளுக்கு உள்ளயே ஒட்டி வச்சிருக்கு."

அறையில் தேநீர் ஆடை கட்டுவதுகூடக் கேட்கும் போலிருந்தது.

"ஒட்டியா வெச்சிருக்குது?"

"பசை போட்டு."

"அது… சுத்துதுங்களா?"

இசக்கி வாயைத் திறந்தார். மறுபடி அந்தக் குரல். கோபிச்செட்டிபாளையம், இழுப்போடு, பூரிப்போடு.

"ஒண்ணோட வாசப்படில நிக்குதுங்க!"

---

எப்படித் தன் மேசைக்குத் திரும்பினார் என்று செங்கோடனுக்குத் தெரியாது. கால்கள் கொண்டுவந்து போட்டிருக்க வேண்டும்.

திரையில் எண் நின்றது. பக்கத்தில் அந்தச் சொல் நின்றது. உறைந்தது.

அந்த நிரலை உலகமே வேறு மொழியில்தான் ஓட்டுகிறது. கூகைமலைக்காக இசக்கி அதைத் தமிழுக்கு மாற்றி வைத்திருந்தார். சொல் எல்லாம் நல்ல தமிழ்ச் சொல். அழகாக இருந்ததால் செங்கோடன் எதையும் சந்தேகப்பட்டதில்லை.

"கண்ணு."

"என்னண்ணே?"

"உன்ற நிரல்ல… சுழற்சிக்குப் பக்கத்துல என்ன போட்டிருக்குது?"

பல்கீஸ் எட்டிப் பார்த்தாள்.

"உருகியதுன்னு இருக்கு."

"உருகியதா? எப்ப உருகுச்சு?"

"அதா எப்படிண்ணே உருகும்? நான்தான் உருக்கினேன். 'உருகு'ன்னு தட்டணும்ல? தட்டினாத்தான எண்ணு அசையும்? தட்டாம விட்டா, நிரல் வரும்போதே எதைத் தூக்கிக்கிட்டு வந்துச்சோ அதுலயேதான் நிக்கும்."

"நிரல் வரும்போதே…"

"ஆமா. வாங்கிட்டு வாற சட்டையில அட்டை இருக்கும்ல, அது மாதிரி சும்மா ஒரு எண்ணு வச்சிருப்பாங்க."

"என்ன எண்ணு?"

பல்கீஸ் சொல்ல வாயெடுத்தாள். செங்கோடனின் முகத்தைப் பார்த்தாள். அவர் திரையைப் பார்த்தாள். கண் அகன்றது. சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணே!"

செங்கோடன் திரையில் நின்ற எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"அண்ணே, நீங்க உருக்கவே இல்லையா?"

சட்டையைப் போட்டுக்கொண்டு ஊர்வலம் போயாகிவிட்டது. அட்டை முதுகில் தொங்குகிறது. போட்ட மாலை, அடித்த ஃபிளெக்ஸ், எல்லாம் அந்த அட்டைக்கு.

"நீயாச்சும் சொல்லியிருக்கலாமே கண்ணு?"

"கேட்டீங்களாண்ணே? அப்ப நீங்கல்ல பேசிக்கிட்டிருந்தீங்க."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் நன்றாகக் குத்தியது.

சுவர்க் கடிகாரத்தில் ஆறுக்குக் கால் மணி பாக்கி.

ஒரு யோசனை ஓடிவந்து செங்கோடனின் சட்டையைப் பிடித்தது. உருக்கிப் பார்த்தால் என்ன? உருக்கின பிறகும் அதே எண்ணே வந்தால்? வரக்கூடாது என்று சட்டமா? உண்மையிலேயே அந்தத் துளை அந்த வேகத்தில் சுற்றலாம் அல்லவா? ஆனால் உருக்கின பிறகு நிரல் ஓடி முடிய விடிந்துவிடும். அதற்குள் செயற்கைக்கோள் திரும்பியிருக்கும். திரும்பின பிறகு யார் கேட்கப் போகிறார்கள்? எண் சரியாக வந்தால் யாருக்கும் தெரியவே வேண்டாம். தப்பாக வந்தால், புதிதாகப் பார்த்ததில் மாறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

பக்கத்துத் திரையில் வளைகோடு இன்னும் ஒரு இழை சரிந்தது.

பல்கீஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி திரைக்குத் திரும்பினாள்.

செங்கோடன் எழுந்து மறுபடி அந்த அறைக்குப் போனார். இந்தத் தடவை ஓடவில்லை.

"மேடம்."

இசக்கி நிமிர்ந்தார்.

"நீங்க செயற்கைக்கோள்காரங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லிருங்க மேடம்."

இசக்கி அவரை நேராகப் பார்த்தார். குரலில் கிண்டல் ஒரு துளிகூட இல்லை. ஆனால் குரல் செங்கோடனுடையது.

"நீங்க செயற்கைக்கோள்காரங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லிருங்க."

---

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. பல்கீஸ் நாற்காலியின் விளிம்பில் இருந்தாள். காதில் கைபேசியோடு, இன்னொரு கையால் செங்கோடன் திரையில் மூன்று எழுத்தைத் தட்டினார்.

உருகு.

எண் ஒரு கணம் தயங்கியது. பிறகு வழுக்கத் தொடங்கியது. புள்ளி ஒன்பது. புள்ளி எட்டு. மறுபடி ஏறியது. இறங்கியது.

"அலோ! கன்ட்ரோல் ரூம்!"

சென்னைக் குரல். பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம், ஒரு மின்விசிறிச் சத்தம்.

"வணக்கமுங்க. கூகைமலைலிருந்து பேசறனுங்க. ஆறு மணிக்கு ஒரு கருந்துளைப் பக்கம் திருப்பறீங்கல்ல…"

"ஆமா சார், ரெடியா கீது சார். கமாண்ட் ஏத்தறதுதான் பாக்கி. செம மேட்டராமே சார்? பேப்பர்ல கூடப் போட்டுக்கினாங்க."

"திருப்ப வேண்டாமுங்க."

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னா சார் சொல்றீங்கோ?"

"முன்னாடி இருந்த மாதிரியே பல்கீஸ் சொன்ன இடத்துக்குத் திருப்பிருங்க."

"சார், டைமுக்குச் சொந்தக்காரர் வாயால விட்டுக் குடுத்தாத்தான் மாத்த முடியும். வேற யாரும் சொன்னா செல்லாது சார். காரணம் வேற அடிக்கணும்."

"சொல்றனுங்க. அடிச்சுக்குங்க."

"சொல்லு சார்."

செங்கோடன் கண்ணை மூடினார். மூடின கண்ணுக்குள் கூலிங் கிளாஸ் போட்ட ஒருவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பேசினது கருந்துளை இல்லீங்க."

டக் டக் டக் என்று விசைப்பலகை. "பேசினது… கருந்துளை… இல்ல. ம். பின்ன யாரு சார் பேசினது?"

"நானுங்க."

டக் டக்.

விரல் நின்றது.

"நான்னு அடிச்சா நான்னு ஆயிடும் சார். நான்னா யாரு?"

செங்கோடன் வாயைத் திறந்தார்.

திரையில் எண் இன்னும் நிற்கவில்லை.